லேயிலிருந்து குலு: நாற்பத்தொன்பது நிமிடம்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹபீப் பாயின் டிராவல்ஸ். கல்லூரி விட்டதும் அவருடைய இணையதளத்துக்குப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. இந்த விமான நிலையத்திலிருந்து அந்த விமான நிலையம் எவ்வளவு தூரம், பறக்க எத்தனை நிமிடம், அவ்வளவுதான். அறுநூற்று நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். விமானத்தில் ஏறியதில்லை என்பதால் என் எழுத்தில் பாரபட்சம் கிடையாது.

பிப்ரவரியில் ஒருநாள் வத்தல்மலைக் காவேரி அக்கா ஒரு பிரிண்ட் அவுட்டோடு வந்தார். மலைமேல் மிளகும் காபியும் போட்டிருக்கிறார்.

"ஏங்க தம்பி, இது நீங்க எழுதுனதுங்களா?"

லே – குலு. 254 கிலோமீட்டர், 49 நிமிடம். 'கண்மூடித் திறந்தால் அடுத்த மலை!' என்று கடைசியில் நானாகச் சேர்த்தது.

அக்காவின் மகள் சுகுணா எல்லைக் காவல் படையில் சேர்ந்து லடாக்கில், லேயில் இருக்கிறாள். பார்த்து ஒன்றரை வருடம். மூன்று நாளுக்கு மேல் லீவு இனி வரும் தீபாவளிக்குத்தானாம். அடுத்த மாதம் ஆப்பிள் தோட்டம் பார்க்க அக்காவையும் மற்ற விவசாயிகளையும் இமாசலத்தில் உள்ள குலுவுக்கு அரசு செலவில் அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒருநாள் ஓய்வு.

"காலைல போயி புள்ளையப் பாத்துட்டு சாயந்தரம் வந்துடறேன். டிக்கெட் போடுங்க."

ஹபீப் பாய் என்னைப் பார்த்தார். "இளம்பரிதி, நீயே சொல்லிடு."

"அந்த ரூட்ல பிளேன் இல்லீங்கக்கா."

"இல்லாத பிளேனு எப்டிங்க நாப்பத்தொம்பது நிமிசத்துல போவுது?"

"தூரத்த வேகத்தால வகுத்து, ஏற எறங்க அரை மணி நேரம் சேத்துக்கறதுங்க."

திட்டு விழும் என்று நின்றேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப எங்க வூட்டுக்கும் சித்தேரி மலைக்கும் போடுங்க, பாக்கலாம்."

போட்டேன். "முப்பத்து மூணு நிமிசங்க. அதுல முப்பது, ஏற எறங்க."

"எம் நாத்தனாரு சித்தேரிலதான் இருக்குது. போன மாசம் எங்க பாத்துக்கிட்டோம் தெரியுங்களா? எதுத்தாப்புல, இந்த பஸ் ஸ்டாண்டுல. மலைய வுட்டு மலைக்கு எவன் போவறான்? அது எறங்குச்சு, நானும் எறங்குனேன்." சட்டென்று நிறுத்தினார். "ஆமா, லே பிளேனுங்க எங்கதான் எறங்குது?"

"டெல்லிலீங்க. ஒன்றரை மணி நேரம்."

"இதுவும் வகுத்ததுங்களா?"

"இல்லம்மா, இது நெசமாவே பறக்குது," என்றார் பாய். "நானே டிக்கெட் போட்டிருக்கேன்."

"திரும்பறப்ப எங்களுக்கு டெல்லில ஒரு பகல் பூரா இருக்குதுங்க. ராத்திரிதான் ரயிலு. செங்கோட்ட காட்றாங்களாம்." அக்கா போனை எடுத்தார். "அத மத்தவங்க பாத்துக்கட்டும்."

ஸ்பீக்கரில் சுகுணா முழுவதையும் கேட்டாள். சிரித்தாள். பிறகு அவளும் கணக்குப் போட்டாள். "மூணு நாள் லீவு கேக்கறேம்மா. பனி பேஞ்சா பிளேனு நின்னுடும், மொத நாளே எறங்கிடறேன். டெல்லி ஸ்டேஷன்ல அத்தன கூட்டத்துல என்ன எப்டி கண்டுபுடிப்ப?"

"யூனிபாரத்தோட வா. நான் பாத்ததே இல்ல."

"லீவுல போடக்கூடாதும்மா."

அக்கா போனை வாயருகே கொண்டுபோனார்.

"பைல மடிச்சாவது எடுத்துட்டு வா."