பொத்தானை மறைத்து நின்றவள்

அன்றைக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து எங்கள் மியூசியத்தின் வடக்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். என் இடுப்புக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் மேலே மாட்டியிருக்கும் படத்திலுள்ள பத்துப் பையன்களின் பெயர்களும் வரிசையாகக் கேட்கும். அந்தக் காலத்து விடுதிப் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணி அது. ஏழாவது பெயர் என் தம்பியுடையது. படிக்கிற குரல் என்னுடையது.

ஏப்ரலில் நான் அதைப் பதிவு செய்தபோது, அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் என்று சொல்லிக்கொடுத்தான். ஜூலையில் மாரடைப்பில் போய்விட்டான். நாங்கள் அப்பாச்சே என்ற அமெரிக்கப் பழங்குடி ஜனங்கள், செத்தவர் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம். கூப்பிட்டால் வருவார்கள். வந்தவர்கள் தனியாகத் திரும்பிப் போக மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்த நான்தான் பெயர்களை எழுதிக்கொடுத்து, படித்தும் கொடுத்து, கைக்கு எட்டும் உயரத்தில் பொத்தானும் வைக்கச் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

படத்தின் கீழே எழுதியிருந்த பெயர்களின்மேல் பழுப்புத் தாளை ஒட்டிவிட்டேன். குரலை என்ன செய்வது? வயரிங் தெரிந்தவர் வியாழக்கிழமைதான் பீனிக்ஸ் நகரத்திலிருந்து வருவார். அன்று செவ்வாய். பத்து மணிக்குப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற பஸ்ஸில் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள்.

எண்பத்தொரு வயது அவளுக்கு. மகன் போன துக்கத்தில் எங்கள் வழக்கப்படி முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தாள். நான் இங்கே இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன், ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. செத்தவர்கள் சாமான் இருக்கிற இடம் என்று என் சீருடையைக்கூட வாசலிலேயே கழற்றச் சொல்வாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஏன் வருகிறாள்? அந்த நினைப்பே என்னை ஓர் இடத்தில் நிற்கவிடவில்லை. ஆனால் நிற்க வேண்டியிருந்தது.

டெல்மர் படிகளைப் பெருக்கிவிட்டு வந்தான். என் சித்தி மகன்.

"என்னக்கா, சுவரு விழுந்துடும்னு தாங்கிட்டு இருக்கியா?"

"போய் வேலையைப் பாருடா."

"ஒரு நாற்காலி கொண்டாரட்டுமா?"

"உக்காந்தா பொத்தான் என் தோளுக்கு மேல வந்துடும். எவனாவது அழுத்துவான்."

"மெயினை அணைச்சுடறேன்."

"கூடமே இருட்டாயிடும். அம்மா தடுக்கி விழுந்தா நீ தூக்குவியா?"

"பெரியம்மாவையா? அவங்க என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே நழுவிவிட்டான்.

பிறகு தொப்பி வைத்த ஓர் ஆள் மனைவியோடு வந்தார். வெளியூர்க்காரர். நேராக என் இடுப்பைப் பார்த்தார்.

"இதுல ஏதோ கேக்கலாம்னு போட்டிருக்கே?"

"ரிப்பேருங்க."

"லைட்டு எரியுதே?"

"லைட்டு நல்லா இருக்குங்க. பேச்சுதான் ரிப்பேரு."

ஒருதரம் முயன்று பார்க்கலாமே என்று கையை நீட்டினார். நான் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடை முடைந்து வைத்திருக்கும் பக்கம் போனாள். எனக்கு வேர்த்துவிட்டது. இடது கால் மரத்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். கூட வந்தவர்கள் எல்லாம் சேணங்களைப் பார்க்கப் போனார்கள். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"நகரு, லவீனா."

"அம்மா, இங்க பார்க்க ஒண்ணுமில்ல. வா, டீ குடிக்கலாம்."

"டீ குடிக்கவா மலையேறி வந்தேன்? படத்தை மறைக்கற."

பொத்தானை விடாமல் ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டாமல், எங்கள் ஜனங்கள் வழக்கப்படி உதட்டைக் குவித்து, பின்வரிசையில் நிற்கும் பெரிய காதுக்காரப் பையனைக் காட்டினாள். பதினொரு வயதில் என் தம்பி.

"சட்டையை எரிச்சோம். சேணத்தை எரிச்சோம். படுத்த கம்பளி, வீட்ல இருந்த படம், எல்லாம் போச்சு" என்றாள்.

"நீதானேம்மா எரிக்கச் சொன்ன?"

"ஆமா, நான்தான் சொன்னேன். அதுதான் முறை. அப்படியாவது அவன் நிம்மதியாப் போகணும்னு சொன்னேன்."

"போயிட்டான்மா."

"போயிட்டான். நாப்பது நாளா ஒரு கனவுல கூட வரல. அவ்வளவு சுத்தமா அனுப்பிட்டேன்."

அவள் குரலில் கோபம்தான் இருந்தது, அழுகை இல்லை. பொத்தானை அவள் பார்த்துவிடக்கூடாது என்று நான் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அவள் அதைத் தேடவே இல்லை. படத்துக்கு இன்னும் ஓரடி கிட்டே போனாள். சோறு ஆறுகிறது, வாடா என்று கொல்லைப்பக்கம் கூப்பிடுவாளே, அதே தொனியில், என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"அம்மா, என்ன காரியம் பண்ற? கூப்பிட்டு வந்தவங்க தனியாப் போக மாட்டாங்கன்னு நீதானே எனக்குச் சொன்ன?"

"தெரியும்" என்றாள். "எனக்கும் எண்பத்தொண்ணு ஆச்சு."

இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தபடி நின்றாள். அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் நானும் வாசலைத்தான் பார்த்தேன்.