பூஜ்ஜியம் வரும் வழி

மும்பை செம்பூரில், நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்யும் கம்பெனியில் ஷைனிக்கு வேலை வாங்கிக்கொடுத்தது ஸ்டெர்லின்தான். இருவரும் தாராவியில் ஒரே சர்ச். அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

பம்புக்கான புரோகிராமை அவன் எழுதுவான். அதில் பிழை இல்லை என்று நிரூபிப்பது அவள் வேலை. ஓட்டிப் பார்த்தால் கொடுத்த எண்ணுக்கு மட்டும்தான் பதில் தெரியும். அவளுடைய கருவி புரோகிராமை ஓட்டாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு மதிப்பு எதிலிருந்து எதுவரை போகக்கூடும் என்று எல்லை கட்டிக்கொண்டே போகும். அந்த எல்லைக்குள் ஆபத்து இல்லையென்றால், எந்த நர்ஸ் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஆபத்து இல்லை. சில சமயம் இல்லாத ஆபத்துக்கும் கத்தும், இருப்பதை விடாது.

அன்று ஒரு வரியில் கத்தியது. மருந்தின் அளவை நேரத்தால் வகுக்கும் இடம். நேரம் பூஜ்ஜியமாகலாம் என்றது.

"அது சும்மா கத்துது பிள்ள," என்றான் ஸ்டெர்லின். "கீபேடுலயே சீரோவத் தடுத்துட்டேன். அந்தப் புரோகிராம உன் டூல் பாக்கல. நேரம் ஒண்ணுக்குக் குறையாதுன்னு எழுதிக் கொடுத்துரு."

"தடுத்துட்டீங்கள்லா அண்ணே?"

"நான் பொய்யா சொல்லுதேன்?"

அவள் அந்த அனுமானத்தைக் கருவிக்கு எழுதிக் கொடுத்தாள். கருவி அடங்கியது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் நடந்த டெமோவில் மேனேஜர் ஷாலினி நேரத்தில் பூஜ்ஜியத்தை அழுத்தினாள். பம்ப் அப்படியே நின்றுவிட்டது. குழாயின் மறுமுனையில் இருந்தது நல்லவேளையாக ஒரு வாளி.

ஷாலினி தன் பக்கம் திரும்பியதும் ஸ்டெர்லின் சொன்னான்: "பிழை இல்லைன்னு ஷைனிதான் ப்ரூஃப் கொடுத்தா. அத நம்பித்தான் விட்டேன்."

ஷைனி லேப்டாப்பைத் திறந்து அனுமானத்தை அழித்தாள். கீபேட் புரோகிராமையும் சேர்த்துக் கருவியை மறுபடி விட்டாள். பட்டனிலிருந்து வகுத்தல்வரை பூஜ்ஜியம் தடையே இல்லாமல் வந்து சேர்ந்ததை எல்லாரும் திரையில் பார்த்தார்கள்.

"கீபேடுல செக்கே இல்ல," என்றாள். "இருக்குன்னு இவங்க சொன்னாங்க."

பம்புகள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஸ்டெர்லினை வேறு டீமுக்கு மாற்றினார்கள். அவளுடைய அறிக்கைகளை இனி இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

லிஃப்ட் அருகே அவனிடம் கேட்டாள்: "ஏன் அண்ணே?"

"டெலிவரி டேட் நெருங்கிட்டு. செக்கப் பெறகு போட்டுரலாம்னு நெனச்சேன்."

"வேற யார்ட்டயாவது இப்படிச் சொல்லிருப்பீங்களா?"

அவன் லிஃப்ட் பட்டனை அழுத்தினான். "வேற யாரா இருந்தாலும் புரோகிராமக் காட்டுன்னு கேட்டிருப்பாங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா சேசம்மாள் சர்ச் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் என்ன சண்ட?" என்றாள்.

"சண்ட ஒண்ணும் இல்ல பெரியம்மா," என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஷைனி தனியே நடந்தாள்.