ஆணியில் தொங்கிய காந்தம்

ரோசம்மாளின் இடது மார்பில் இருப்பது புற்று என்று தெரிந்து இருபது நாள். கட்டியை எடுத்துவிடலாம், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தால் அவற்றையும் வழித்தெடுக்க வேண்டும், பிறகு அந்தக் கை பாரம் தூக்காது என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் கிரைண்டிங் மிஷின் பிடித்துப் பிழைக்கிறவளுக்குக் கைதானே எல்லாம்.

முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று கத்தி வைக்காமல் பார்க்க ஒரு புது வழி சோதனையில் இருந்தது. தலைமுடித் தடிமனில் ஆயிரக்கணக்கில் அடங்கும் இரும்புத் துகள்களை ஊசிவழியே ரத்தத்தில் விடுவார்கள். நல்ல முடிச்சு இரும்பை விழுங்கிவிடும், மறுநாள் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகத் தெரியும். புற்று பிடித்தது விழுங்காது, வெளுப்பாகவே நிற்கும். 2007இல் அந்தச் சோதனையில் அவளுக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

ஊசிக்கு முன் ஒரு படிவம். கண்ணில் இரும்பு பட்டதுண்டா என்ற இடத்தில் கணவன் அந்தோணி யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினான். அவனும் அதே பட்டறைதான். கண்ணில் இரும்புத் தூள் விழுவதை அங்கே யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

ஊசி போட வந்த நர்ஸ் ஜபீன் பழவேற்காட்டுப் பெண். நாளைக்குப் படம் எடுக்கும்போது சாவி, கொண்டை ஊசி எதுவும் கூடாது என்றாள்.

"அந்த மிஷினே பெரிய காந்தம்க்கா. இரும்பு இருந்தா பிச்சிக்கினு வந்துடும்."

ரோசம்மாளுக்குப் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும் காந்தம் நினைவுக்கு வந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கண்ணில் தூள் விழுந்தால் மேஸ்திரி மோசஸ் இமையைப் பிரித்து அதைக் காட்டுவார்; சுருக்கென்று இழுக்கும். வந்தது வந்தது. வராமல் உள்ளே தங்கியதை யார் பார்த்தார்கள்? சொன்னால் இடம் போய்விடும், கையும் போகலாம். ஜபீன் அவள் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"ஊசிய நிறுத்தும்மா," என்ற ரோசம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கிடைத்ததைக் கெடுத்துவிட்டாயே என்று அந்தோணி பல்லைக் கடித்தான். கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கண்ணில், கடுகில் பாதி அளவு, வெள்ளையாக ஒரு புள்ளி. சோதனையிலிருந்து பெயரை அடித்தார்கள்.

"கையக் காப்பாத்த வந்து கண்ணக் குடுத்துட்டுப் போயிருப்பேன்யா," என்றாள். அந்தோணி அந்த எக்ஸ்ரே படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ஆபரேஷனின்போது கட்டியருகே நீலச் சாயம் விட்டு, புற்று பரவினாலும் அதே வழியில்தான் போகும் என்பதால், அது முதலில் போய்ச் சேர்ந்த இரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சுத்தம். மற்றவற்றைத் தொடவில்லை; கை தப்பியது.

அடுத்த திங்கட்கிழமை அந்தோணி ஷிப்டுக்குப் போனதும் சுவரிலிருந்த காந்தத்தைக் கழற்றினான். ஏன் என்று மோசஸ் கேட்டார்.

"நீயும் வா மேஸ்திரி. நம்ம கண்ணயும் ஒரு படம் புடிச்சிக்கினு வந்துடலாம்."