வளவன் கடை ஊசி

பூதலூர் பக்கத்தில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பூவிழிக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல். கணவன் செழியன் அவளை பைக்கில் ஏற்றித் தன் தம்பி வளவனின் மருந்துக் கடைக்குக் கொண்டுபோனான். வளவன் டாக்டர் இல்லை. ஆனாலும் ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் ஊசி போடுகிறான். ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டது, அவளும் வயலுக்குத் திரும்பினாள். இரண்டு மாதமாக இதே கூத்துதான்.

மூச்சு வாங்கி வரப்பிலேயே உட்கார்ந்த பிறகுதான் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்கோ எடுத்ததில் இதய வால்வில் சின்னக் கட்டி தெரிந்தது. ரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் எந்தக் கிருமியும் வளரவில்லை.

"வெறும் கட்டிக்கு இப்படிக் காய்ச்சல் வராது. அதுல கிருமி பிடிச்சிருக்கணும்," என்றார் டாக்டர் சைத்தூன் பீவி. "ஆனா ரத்தத்துல சிக்க மாட்டேங்குது. வர்றதுக்கு முன்னாடி ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்," என்றான் செழியன். தம்பி பிழைப்பு போய்விடுமே என்ற பயம். கட்டிலில் கிடப்பவள் பிழைப்பாளா என்ற பயம் வரவில்லை பாருங்கள்.

பூவிழி எழுந்து உட்கார்ந்தாள். "பொய்ங்க டாக்டர். காய்ச்சல் வந்தப்பல்லாம் இவர் தம்பிதான் ஊசி போட்டாரு."

"சும்மா இரு. கடையை மூடிடுவாங்க."

"மூடட்டும். கடை போனா உங்க தம்பி வேற வேலை பார்ப்பாரு. நான் போனா நம்ம புள்ளைங்க என்ன பண்ணும்? என்ன மருந்துன்னு ஃபோன் போட்டுக் கேளுங்க. நீங்க கேக்கலன்னா நான் கேக்குறேன்."

செழியன் ஃபோனை எடுத்தான். வேறு வழி?

ஒவ்வொரு தடவையும் வளவன் போட்டது கிருமிக்கொல்லி மருந்து. அந்த அரைகுறை ஊசி கிருமியைக் கொல்லாமல், சோதனையிலும் சிக்காமல் மறைத்திருந்தது. டாக்டர் அதற்கேற்ப மருந்தை மாற்றினார். இதய ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான், அதில் கிருமி குடியேறியிருந்தது. பல வாரம் மருந்து ஏற்றியபின் பூவிழி பிழைத்தாள்.

வளவன் பார்க்க வந்தான். "அண்ணி, டாக்டர்கிட்ட சொல்லி ஊர்ல என் பேரைக் கெடுத்துட்டீங்களே."

"உங்க பேரைக் காப்பாத்த நான் சாகணுமா தம்பி? என்ன காய்ச்சல்னு தெரியாம ஊசி போடுறதும் தப்பு, போட்டதை டாக்டர்கிட்ட மறைக்கிறதும் தப்பு. ரெண்டும் சேர்ந்தா ஆளைக் கொன்னுடும். இனிமே யாருக்காவது ஊசியைத் தூக்கினீங்கன்னா, உங்க கடை வாசல்ல நின்னு இதையேதான் சொல்லுவேன். உங்க அண்ணன் தடுத்தாலும் சொல்லுவேன்."

செழியன் தம்பியைப் பார்த்தான். "நான் ஏன்டா தடுக்கப்போறேன்? நானும் கூட நின்னு சொல்லுவேன்."