அரை அங்குல மேப்பிள்

சர்ச் வாசலில் சவ ஊர்தி கிளம்பத் தயாராக நின்றது. அதன் பின்னால் போகவேண்டிய அப்பாவின் பழைய அமெரிக்கக் கார், அந்த ஜி.டி.ஓ. மட்டும் கிளம்பவில்லை. ரெனாட்டா நான்காவது முறையாகச் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது.

செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான். ஆணி வாங்கக் கடைக்குப் போன அப்பா காஸிமிர், இருபது நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். கிளம்பவில்லை. ஆகஸ்ட் வெயிலில் ஒன்றரை டன் இரும்பைத் தனியாளாக நிழலுக்குத் தள்ளப் பார்த்திருக்கிறார். டிக்கியின்மேல் இரு கைகளையும் வைத்தபடி மண்டியிட்டுக் கிடந்தவரைக் கடைக்காரர்தான் முதலில் பார்த்தார்.

ஆனால் இழுத்துவந்து வீட்டில் நிறுத்திய அதே வண்டி, புதன் காலை ஒரே திருப்பில் கிளம்பியது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. பழைய ஃபெராரிகளின் எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது அவள் தொழில். டெட்ராய்ட் முழுவதும் அவளைத் தேடி வருவார்கள். மூன்று நாளாக பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டாள். எதிலும் குறையில்லை.

பக்கத்து இருக்கையில் அம்மா வாண்டா கைப்பையை மடியில் பிடித்தபடி இருந்தாள்.

"அவரை இது ஒரு நாளும் நடுத்தெருவுல விட்டதில்லடி. பிறந்தநாளுக்கு நீ எஞ்சினைப் பளபளன்னு பண்ணிக் குடுத்தியே, தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டு பானட்டைத் திறந்து காட்டினார். 'என் பொண்ணு பண்ணது'ன்னு."

ரெனாட்டா ஐந்தாவது முறையாகச் சாவியைத் திருப்பினாள்.

சவப்பெட்டி சுமந்த வெள்ளைக் கையுறையோடு லானி வந்தார். அப்பாவோடு முப்பது வருடம் எஞ்சின் ஆலையில் நின்றவர்.

"என்ன கண்ணு, எட்டு சிலிண்டருக்கு ஒத்தக் கார்புரேட்டர். இதைக்கூட உனக்குக் கிளப்பத் தெரியலையா? உங்கப்பன் பெட்டிக்குள்ள சிரிச்சிட்டிருப்பான்."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் ஓயாத சண்டை அது. "உன் இத்தாலிக்காரிக்கு ஆறு கார்புரேட்டர். ஆறையும் நீ சமாதானப்படுத்திக் கிளப்புறதுக்குள்ள நான் சிகாகோ போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுவேன்" என்பார் அப்பா. "வளைவு இல்லாத ரோடாப் பாத்துப் போங்க" என்பாள் இவள்.

அப்பா கடை வாசலில் மாட்டிக்கொண்ட செவ்வாய் மூன்று மணிக்கும் அவள் அந்த ஆறோடுதான் இருந்தாள். ரப்பர் குழாயைக் காதில் வைத்து, ஆறும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் 'அப்பா' என்று வந்தது. முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

லானி கையுறையைக் கழற்றிவிட்டு பானட்டைத் தூக்கினார். ரெனாட்டா இறங்கி அருகில் போனாள். அவர் வட்டமான காற்று வடிகட்டியை எடுத்து, கார்புரேட்டரின் அடியில் விரல் வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இங்க ஒரு மேப்பிள் கட்டை இருக்குமே. பவுலிங் கிளப்பை இடிச்சப்போ தரைப் பலகையைத் தூக்கிட்டு வந்து, நாலு ஓட்டை போட்டு அவனே அறுத்தது. எங்க அது?"

அவளுக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

ஓடும்வரை விசிறிக் காற்றும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிரவைக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். அடியிலுள்ள இரும்பின் சூடு மேலே ஏறும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்து பிளக்குகளை நனைத்துவிடும். இரவெல்லாம் ஆறினால் தானே சரியாகிவிடும். அரை அங்குலம் மரம் இடையில் இருந்தால் சூடு ஏறவே ஏறாது. இத்தாலி வண்டிகளில் ஒவ்வொரு கார்புரேட்டருக்கு அடியிலும் அப்படி ஒரு தடுப்பு உண்டு. அதில்லாமல் அவள் ஒருநாளும் பூட்டியதில்லை. அப்பாவுடையது மரமாக இருந்தது. பிறந்தநாளுக்கு எஞ்சினைப் பிரித்தபோது அதை ஏதோ ஒட்டுவேலை என்று கழற்றிவிட்டு, மெல்லிய காகித கேஸ்கெட்டை வைத்து இறுக்கினாள். இந்த மூன்று நாளும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்த்தாள். சூட்டோடு நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்க்கவில்லை.

லானி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்தார். வடிகட்டியைத் திரும்ப வைத்து பானட்டை மூடினார்.

"என்னவாம் லானி?" என்றாள் அம்மா.

"வெயில்ல கோவிச்சுக்கிச்சு வாண்டா. வேற ஒண்ணுமில்ல." ரெனாட்டா ஏறி உட்கார்ந்ததும் குனிந்து சொன்னார்: "ஆக்ஸிலேட்டரை அடியோட மிதிச்சுப் பிடி. விட்டு விட்டு மிதிக்காத. காத்து உள்ள போகட்டும்."

இருமிக்கொண்டு கிளம்பியது.

கல்லறையில் அவள் எஞ்சினை நிறுத்தவில்லை. பாதிரியாரின் ஜெபத்துக்கு அடியில் அது உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில், "அம்மா" என்று இரண்டு முறை ஆரம்பித்தாள். இரண்டு முறையும் அம்மா அவள் தட்டில் ஒரு பியெரோகிக் கொழுக்கட்டையை வைத்தாள்.

கட்டை அவள் பட்டறை மேசையில்தான் இருந்தது. இரண்டு மாதமாகக் காப்பிக் கோப்பையை அதன்மேல்தான் வைத்திருந்தாள். வட்டமான கறை தேய்த்தும் போகவில்லை. கார்புரேட்டருக்கு அடியில் அப்படியே வைத்து, அப்பாவின் நீளமான போல்ட்டுகள் நான்கையும் முடுக்கினாள்.

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு ஆணிக் கடை வாசலில், வெயில் படும் இடமாகப் பார்த்து நிறுத்தினாள். கடைக்குள் போகவில்லை. இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே கிளம்பியது.