எட்டுத் தலை

பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தில் எட்டுப் பேரைத் தீவு தீவாகச் சுற்றக் கிளப்பியது பெரியக்காதான். அதனால் தலை எண்ணும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. அவள் வாயால் எட்டு என்று சொல்லாமல் நங்கூரத்தைத் தூக்க மாட்டேன் என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் தீவிலேயே அவள் மானம் கப்பலேறியது. எண்ணினால் ஏழுதான் வந்தது. "ஐயோ, ஒருத்தரைக் காணோமே!" என்று ஊரைக் கூட்டினாள். "உன்னை எண்ணினியாக்கா?" என்றான் கடைசித் தம்பி. அன்றிலிருந்து அவள் பெயர் ஏழக்கா.

மூன்றாம் நாள் காலை, கடலில் குளித்தவர்கள் ஏறியதும் எண்ணினாள். ஏழு.

"என்னடி, திரும்பவும் உன்னை விட்டுட்டியா?" என்றார் அவள் கணவர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"எட்டு, கேப்டன். கிளம்பலாம்" என்றாள். நல்ல காற்று. படகு பறந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பாட்டுக்கு எட்டுத் தட்டு வைத்தாள். ஒரு தட்டுக்கு ஆள் வரவில்லை. "எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே கீழே போய்க் கழிப்பறைக் கதவைத் தட்டினாள். அது தானாகத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கேலிக்குப் பயந்து, காலையில் தன் நெஞ்சில் கைவைத்து "ஒண்ணு" என்றுதான் அவள் எண்ணவே தொடங்கியிருந்தாள்.