வர்ணனை வேண்டாம்

1

இந்தக் கதை என் கைப்பேசியில் தொடங்கியது. இணையத்தில் படமும் ஆட்டமும் காட்டுகிற ஒரு நிறுவனத்தின் செயலியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் 'வர்ணனை வேண்டாம்' என்றொரு பொத்தான். சும்மா அழுத்திப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த மனிதர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார். காலணிகள் தரையில் கிறீச்சிடுவதும் பந்து தட்டும் சத்தமும் மட்டும் மிஞ்சின. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் உறுத்தியது. அந்த மனிதரின் மனைவி இதற்கு என்ன சொல்வாள் என்று யோசித்தேன். 'மனைவி'யை அடித்துவிட்டு 'முன்னாள் மனைவி' என்று எழுதியதும் கதை நகர ஆரம்பித்தது.

ஊர் சின்சினாட்டி. நான் இங்கே வந்து தலை நரைத்துவிட்டது. (இந்த ஊருக்கு இப்போது பெரிய கூடைப்பந்து அணி கிடையாதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கொடி பிடிப்பார்கள். எனக்கு ஒன்று தேவைப்பட்டது, வைத்துக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?)

2

முதல் தொடக்கம்: "கொலீன் பிராண்டவி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓஹையோ ஆற்றைப் பார்த்தபடி"

வேண்டாம். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்கள் என் கதைகளில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருக்கிறார்கள். கொலீனுக்கு அதற்கு நேரமும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும்."

இது பரவாயில்லை. கொலீன் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் ஒளிபரப்பு உரிமைகளைப் பேசி முடிப்பவள். அணி பிறந்த நாள் முதல் அதன் ஆட்டங்களைக் காட்டியது அந்தத் தொலைக்காட்சிதான். இப்போது இணைய நிறுவனம் ஒன்று பணத்தைக் கொட்டிக் கேட்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆளுக்குக் கடைசி வாய்ப்பு ஒன்று தருவார்கள். புதியவன் என்ன தருகிறானோ அதையே தானும் தந்தால் ஆட்டம் பழைய ஆளிடமே இருக்கும். பணத்தில் மட்டும் ஈடுகட்டினால் போதாது. புதியவன் போட்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் சம்மதிக்க வேண்டும்.

பணத்தை எப்படியோ புரட்டிவிட்டார்கள். நிபந்தனைகளில் ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. பார்க்கிறவர் விரும்பினால் வர்ணனையாளரின் குரலை எடுத்துவிட வழி இருக்க வேண்டும். செய்வது கஷ்டமில்லை, தொலைக்காட்சியிலும் இரண்டாவது ஒலித்தடம் ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம். ஆனால் வர்ணனையாளர் ரஸ் நீமன். அவன் சம்மதமில்லாமல் அவன் குரலை ஆட்டத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று அவனுடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அந்த ஷரத்தை வாங்கிக் கொடுத்தவள் அவன் மனைவி. கொலீன்தான்.*

* இது இணைய நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்காதீர்கள். தெரிந்துதான் போட்டார்கள் என்றால் கதை சதிக்கதை ஆகிவிடும். எனக்குச் சதி எழுத வராது.

3

அவளுடைய மேலதிகாரி டென்ட்லர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"கொலீன், உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம்..."

"முன்னாள்."

"சரிங்க, முன்னாள். அவர் தலையாட்டினா தப்பிச்சோம். இல்லேன்னா கேமராக்காரங்கள்லேர்ந்து வண்டி ஓட்டுறவர் வரைக்கும் எல்லாரும் வீட்டுக்குத்தான் போகணும்."

"நீங்களே கேக்கலாமே?"

"கேட்டேன். போனை வச்சிட்டார்."

4

ரஸ்ஸை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்த்தினேன். நூடுல்ஸ் மாதிரி நீளமான ஸ்பெகட்டி, அதன்மேல் கறிக்குழம்பு, அதற்கும் மேலே மலைபோலச் சீஸ். இந்த ஊர்க்காரர்கள் இதற்காகச் சண்டைக்கு வருவார்கள். அவன் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மேடம். கம்பெனி அனுப்பிச்சுதா, இல்ல பாசமா?"

"கம்பெனிதான். பாசத்துக்கு இந்த ஓட்டலுக்கா வருவேன்?"

"பொத்தான் விஷயம்தானே? கல்யாணமான நாள்லேர்ந்து நீ தேடிட்டிருந்த பொத்தான். கண்டுபிடிச்சுட்டாங்க. சந்தோஷமா?"

"சந்தோஷந்தான். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு மேசையைக் குத்தி, "என் குரல் விற்பனைக்கு இல்லை!"

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. இவன் மேசையைக் குத்துகிற ஆள் இல்லை. கொலீன் அப்படிப்பட்டவனைக் கட்டியிருக்கமாட்டாள். மானம், கௌரவம் என்று அவனைப் பேசவிட்டது என் சோம்பேறித்தனம். அவனுக்கு வந்திருப்பது பயம். அதை ஒப்புக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

பிறகு சிரிப்பை நிறுத்தி, முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"சத்தத்தைக் குறைச்சிட்டுப் பாக்கறவன் எப்பவும் இருப்பான், கொலீன். அது எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன். இது அப்படியில்ல. ஒவ்வொரு வீட்டுக் கேபிள் பெட்டியும் உங்களுக்குக் கணக்கு அனுப்பிரும். எத்தனை பேர் என்னை வேணாம்னாங்கன்னு உங்க திரையில வந்து நிக்கும்."

"நீ பாக்காதே."

"பாக்காம இருக்கிற ஆளா நான்? என்கூடத்தானே குடும்பம் நடத்தினே?"

"அந்த ஷரத்தை நான்தான் வாங்கிக் குடுத்தேன், ரஸ். உன்னைக் காப்பாத்தத்தான். இப்ப அது எல்லார் பொழப்புலயும் மண்ணைப் போடுது."

அவன் சீஸை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. நீ என் குரலை எப்பவாவது அணைச்சிருக்கியா?"

"டைவர்ஸ் ஆன வருஷம். சீசன் முழுக்கச் சத்தமில்லாம ஆட்டத்தை மட்டுந்தான் பாத்தேன்."

"அப்புறம்?"

"பழகிருச்சு."

"எது? என் குரலா, அது இல்லாம இருக்கிறதா?"

"ரெண்டுந்தான்."

இந்தப் பதிலை நான் யோசிக்கவில்லை. அவளாகச் சொன்னாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன், மனசு கேட்கவில்லை.

"சரி, சம்மதிக்கிறேன்" என்றான் ரஸ். "ஆனா முதல் ஆட்டத்தன்னைக்கு நான் கேக்கறப்ப அந்தக் கணக்கை நீதான் சொல்லணும். டென்ட்லர் சொல்லக்கூடாது. உன் வாயால வரணும்."

"சொல்றேன்" என்றாள்.

5

முடிவுகள்.

அ) யாருமே அவனை அணைக்கவில்லை. ஊரே அவன் குரலுக்காக... இதை எழுதும்போதே வாய் இனித்தது. கிழித்துப் போட்டேன்.

ஆ) பாதிப் பேர் அணைத்துவிட்டார்கள். அவன் ஒலிவாங்கியை வைத்துவிட்டு நடு ஆட்டத்தில் எழுந்து போகிறான். நண்பர் ஒருவருக்கு இது பிடித்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. புள்ளிகள் சமமாக இருக்கும்போது ரஸ் எழுந்து போவானா? செத்தாலும் போகமாட்டான்.

இ) இணைய நிறுவனம் வழக்குப் போடுகிறது. வழக்கறிஞர்கள் வந்தால் என் கதையில் எனக்கே இடம் இருக்காது.

6

ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்டத்தின் மாலை. கொலீன் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறாள். சுற்றிலும் வேலை தப்பித்தவர்கள், அவளுக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லாமல் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களைக் கூப்பிடுகிறார். விளம்பரம் ஓடத் தொடங்குகிறது. எத்தனை பேர் அவன் குரலை அணைத்தார்கள் என்கிற அந்த எண் அவள் முன்னால் இருக்கிற திரையில் வந்து நிற்கிறது. பார்த்துவிடுகிறாள்.

அரங்கத்திலிருந்து ரஸ்ஸின் குரல் அவள் காதுக்கு மட்டும் வருகிறது.

"கொலீன். சொல்லு."

அந்த இடத்தில் ஓர் எண்ணைப் போட்டேன். அழித்தேன். வேறொன்றைப் போட்டேன், அதையும் அழித்தேன். குறைவாகப் போட்டால் நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். அதிகமாகப் போட்டால் 'ஐயோ பாவம்' என்பீர்கள். இரண்டிலும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். அவளுக்கு அந்த வசதி இல்லை. பொய் சொன்னால் அவள் குரலிலேயே அவன் கண்டுபிடித்துவிடுவான். பேசாமல் இருந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வான். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடமே அவன் அந்த எண்ணோடு உட்கார்ந்து, ஊருக்கு ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

வீரர்கள் களத்துக்குத் திரும்புகிறார்கள். நடுவர் கையில் பந்து இருக்கிறது. அவள் விரல் அவனோடு பேசும் விசைமேல் இருக்கிறது.

எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் சரி, அதை அவன் காதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்தவன் இப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.